ஆல்மன் சகோதரர்களின் ஒன்றேகால் மணி நேரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரையில் நடுநிலை கிடையாது. 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' என்ற பெயரைக் கேட்டாலே எனக்குக் கை பரபரக்கும். "ராக் இசை கேட்கலாம்னு இருக்கேன், ஒரு ஆல்பம் சொல்லுங்க" என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவர் என்னிடமிருந்து தப்ப முடியாது. ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் 1971 ஜூலையில் வெளியிட்ட இரட்டை எல்.பி. இது. ஏழே பாட்டு, மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். அந்த ஆண்டு மார்ச் 12, 13 ஆகிய இரு நாட்களில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கத்தில் கூட்டத்துக்கு முன்னால் வாசித்ததைப் பிடித்துத் தட்டில் போட்டிருக்கிறார்கள். புளூஸ் ராக்கில் இதற்கு மேலே ஒன்று இருக்கிறது என்று எவராவது வாதிட்டால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வேன். ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆரம்பமே அழகு. அறிவிப்பாளர் ஆர்ப்பாட்டம் ஏதும் செய்வதில்லை. குழுவின் பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். மறுநொடி டுவேன் ஆல்மனின் ஸ்லைடு கிதார் ஓர் இழுப்பு இழுக்கும் பாருங்கள், அதிலேயே விழுந்துவிடுவோம். பாட்டு, 'ஸ்டேட்ஸ்பரோ புளூஸ்'. பிளைண்ட் வில்லி மெக்டெல் என்ற பார்வையற்ற ஜார்ஜியா பாடகர் 1928இல் பன்னிரண்டு தந்திக் கிதாரை வைத்துக்கொண்டு தனியாளாகப் பதிவு செய்தது. நாற்பது ஆண்டு கழித்து, அதே ஜார்ஜியாவில் வந்து குடியேறிய இளைஞர் கூட்டம் ஒன்று அதற்கு மின்சாரம் ஏற்றியிருக்கிறது.

ஸ்லைடு என்பது விரலில் கண்ணாடிக் குழாயையோ உலோகக் குழாயையோ மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் வழுக்கி வாசிப்பது. கிதாரின் கட்டைகள் போட்டுவைத்திருக்கும் எல்லை அதோடு போச்சு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டாம், இழைந்துகொண்டே போகலாம். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும் என்பது என் கட்சி. டுவேன் மோதிர விரலில் மாட்டியது சளி மாத்திரை பாட்டில். கோரிசிடின் என்ற மாத்திரை. இதற்கு ஒரு கதை உண்டு, தம்பி கிரெக் பலமுறை சொன்னது. குதிரையிலிருந்து விழுந்து முழங்கையில் அடிபட்ட அண்ணன், அதற்குத் தம்பிதான் காரணம் என்று கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்தியிருந்தார். போதாக்குறைக்குச் சளி வேறு. 1968 நவம்பரில் அண்ணன் பிறந்தநாள் வந்தது. தாஜ் மஹால் என்ற பாடகரின் முதல் ஆல்பத்தையும் ஒரு மாத்திரை பாட்டிலையும் வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டுத் தம்பி ஓடிவந்துவிட்டார். சற்று நேரத்தில் உடனே வா என்று அண்ணனிடமிருந்து போன். போய்ப் பார்த்தால் மாத்திரைகள் மேசையில் கொட்டிக் கிடக்கின்றன, லேபிளைக் கழுவியெடுத்த பாட்டில் விரலில் ஏறியிருக்கிறது, அந்த ஆல்பத்தில் இருந்த 'ஸ்டேட்ஸ்பரோ புளூஸை' அண்ணன் வாசித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை அவருக்கு ஸ்லைடில் அவ்வளவு பழக்கமில்லை. இரண்டே ஆண்டில் எரிக் கிளாப்டன் தன்னுடைய 'லைலா' ஆல்பத்துக்கு இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் எல்லோரும் டுவேன் புராணத்திலேயே நின்றுவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஆல்பத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஆறு பேரும் ஒருவரையொருவர் கேட்கும் விதம். ஒருவர் சொல்ல ஆரம்பித்ததை இன்னொருவர் வெட்டுவதே கிடையாது. அதே நேரத்தில் யாரும் சும்மாவும் இருப்பதில்லை. டுவேன், டிக்கி பெட்ஸ் என்று இரண்டு முதன்மைக் கிதார்கள். புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ என்று இரண்டு டிரம்மர்கள். பெர்ரி ஓக்லியின் பேஸ். ஹேமண்ட் ஆர்கனும் குரலுமாகக் கிரெக். ஒரு மேடையில் இரண்டு டிரம் செட் போட்டால் இரைச்சல்தானே மிஞ்சும் என்று தோன்றும். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். டிரக்ஸ் வண்டியை நேராக ஓட்டிக்கொண்டு போகிறார். ஜெய்மோ அந்த ஓட்டத்தின் இடுக்குகளில் சின்னச் சின்ன ஜாஸ் அடிகளைச் செருகிக்கொண்டே வருகிறார். ஒருவர் அடித்ததை மற்றவர் திரும்ப அடிப்பதில்லை.

இரண்டு கிதார்களும் அப்படித்தான். நம் இரட்டை நாயனத்தில் இருவரும் ஒரே சுரத்தில் இழைவார்கள். இவர்கள் ஒரே மெட்டை இருவேறு சுரங்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொண்டுபோவார்கள். கேட்பவருக்கு மூன்றாவதாக ஏதோ ஒரு வாத்தியம் இருப்பதாக மயக்கம் வரும்.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? ஓடிஸ் ரெடிங் போன்ற சோல் பாடகர்களுக்கு வாசித்துவிட்டு வந்த ஜெய்மோ ஒரு ஜாஸ் பிரியர். மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் தட்டுகளைக் குழுவுக்குள் சுற்றவிட்டவர் அவர். டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஆல்பத்தை டுவேன் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு நிமிடக்கணக்கில் அதற்குள்ளேயே சஞ்சரிக்கலாம் என்ற துணிச்சல் அங்கிருந்து வந்ததுதான். 1969இல் அமெரிக்கத் தெற்கில் ஐந்து வெள்ளை இளைஞர்களும் ஒரு கறுப்பு இளைஞரும் ஒரே வீட்டில் தங்கி ஒரே வண்டியில் ஊர் ஊராகப் போவது சாதாரணக் காரியமல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்தில் அவர்கள் காசில்லாமல் திரிந்த நாட்களில் எச் அண்ட் எச் என்ற சிறிய உணவகத்தை நடத்திய லூயிஸ் ஹட்சன் என்ற கறுப்பினப் பெண்மணி இலையைக் கணக்குப் பார்க்காமல் போட்டார். பின்னாளில் ரசிகர்கள் எல்லோருக்கும் அவர் 'மாமா லூயிஸ்'. மாமா என்றால் அங்கே அம்மா.

பதிவு நடந்த கதையும் சுவையானது. தயாரிப்பாளர் டாம் டௌட், இளம் வயதில் அணுகுண்டு தயாரித்த மன்ஹாட்டன் திட்டத்தில் வேலை பார்த்த ஆசாமி. பிறகு கோல்ட்ரேனின் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' வரைக்கும் பதிவு செய்த கை. கானாவில் ஒரு இசை விழாப் படப்பிடிப்பை முடித்துவிட்டு நியூயார்க்கில் இறங்கியவருக்கு, ஆல்மன் குழுவை ஃபில்மோரில் பதிவு செய்கிறார்கள் என்று தகவல். நேரே போய் அரங்கத்துக்கு வெளியே நின்ற பதிவு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் தூக்கிவாரிப்போட்டது. மேடையில் திடீரென்று சாக்ஸஃபோன்கள்! டுவேன் ஆசைப்பட்டுக் கூட்டிவந்த நண்பர்கள். சுருதி ஒத்துப்போகவில்லை. அவர்களை இறக்கச் சொல்லி டௌட் ஒற்றைக்காலில் நின்றார், நல்லவேளை. ஒவ்வொரு இரவும் கச்சேரி முடிந்ததும் எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் போய் நாடாக்களைப் போட்டுக் கேட்பார்கள். எது சரியாக அமைந்துவிட்டது, எதை மறுநாள் மறுபடி வாசிக்க வேண்டும் என்று அங்கேயே முடிவாகும். இவ்வளவு தளர்வாக, இவ்வளவு மிதப்பாக ஒலிக்கும் ஆல்பத்துக்குப் பின்னால் இப்படி ஒரு வீட்டுப்பாடம்.

பாட்டுக்கு வருகிறேன். இரண்டாவது பாட்டு 'டன் சம்படி ராங்' எல்மோர் ஜேம்ஸ் வாசித்துப் புகழ்பெற்றது. விருந்தினராக வந்த தாம் டூசெட்டின் மவுத் ஆர்கன் உண்டு. நல்ல பாட்டு, மற்ற ஆறோடு ஒப்பிட்டால் கொஞ்சம் சாதாரணம். மூன்றாவது 'ஸ்டார்மி மண்டே' வரும்போது விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். டி-போன் வாக்கரின் 1940களின் பாட்டு. ஆல்மன்கள் பாபி பிளாண்ட் பாடிய வடிவத்தைப் பின்பற்றினார்கள். பன்னிரண்டு பார் புளூஸ்தான், ஆனால் நடுநடுவே சின்ன மைனர் கார்டுகள் படிப்படியாக இறங்கும். அந்த இறக்கத்தில்தான் பாட்டின் துக்கமே இருக்கிறது. பாடும்போது கிரெக்குக்கு வயது 23. அந்தக் குரலை மட்டும் கேட்டால் ஐம்பதைத் தாண்டிய, நிறைய இழந்துவிட்ட ஒரு மனிதர் என்றுதான் நினைப்போம். கிதார்கள் மெல்ல மெல்ல அழுது முடித்ததும் ஆர்கன் எடுக்கும். சட்டென்று நடை மாறி, மொத்தக் குழுவும் லேசாகத் துள்ள ஆரம்பிக்கும். துக்க வீட்டில் யாரோ ஒரு பழைய வேடிக்கையை எடுத்துவிடும் நேரம் அது. அப்புறம் மறுபடி பழைய நடை. இந்தப் பாட்டிலிருந்து டூசெட்டின் மவுத் ஆர்கன் பகுதியை டௌட் வெட்டிவிட்டார். முழு வடிவம் பின்னால் வெளிவந்தது. கேட்டுப் பார்த்தேன். டௌட் செய்தது சரி.

'யூ டோன்ட் லவ் மீ' ஒரு முழுப் பக்கம், 19 நிமிடம். நடுவில் ஓரிரு இடங்களில் தொய்வு உண்டு, மறைக்க மாட்டேன். ஒருமுறை இதை ஓடவிட்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகன், "மாமா, இதுல பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டான். "வந்து போயிடுச்சுடா" என்றேன். ஆனால் பாதி வழியில் ஒரு இடம் வரும். மற்ற ஐந்து பேரும் வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அவ்வளவு பெரிய அரங்கத்தில் டுவேனின் கிதார் மட்டும். அவருக்கு அவசரமே இல்லை. ஒரு வரி வாசிப்பார், நிறுத்துவார். அந்த இடைவெளியில் கூட்டத்திலிருந்து ஏதோ ஒரு குரல் எழும். அடுத்த வரி. வேக வாசிப்பைக் காட்டிக் கைதட்டு வாங்க இதைவிட நல்ல தருணம் கிடைக்காது, அவர் அதைச் செய்யவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அக்கா மகனும் வாயைத் திறக்கவில்லை. முடிவில், மார்ச் மாதத்தில், காரணமே இல்லாமல் 'ஜாய் டு தி வேர்ல்ட்' என்ற கிறிஸ்துமஸ் பாடலின் மெட்டை எடுத்துவிடுவார். சிரிப்பு வந்துவிடும்.

'ஹாட் லாண்டா' ஐந்து நிமிடத்தில் வந்து, டிரக்ஸின் டிம்பனி முரசு உறும முடிந்துபோகும். அதற்கு அடுத்ததுதான் என் உயிர்: 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்'. பாட்டு வரியே கிடையாது, 13 நிமிட வாத்திய இசை. மேக்கனில் ரோஸ் ஹில் என்ற பழைய கல்லறைத் தோட்டம் ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது. குழுவினர் அங்கேதான் போய்ப் பொழுதைப் போக்குவார்கள். எலிசபெத் ரீட் என்பது அங்கே ஒரு கல்லில் டிக்கி பெட்ஸ் பார்த்த பெயர். மெட்டு உண்மையில் வேறொரு பெண்ணுக்கு. அந்த உறவு வெளியே தெரியக்கூடாது என்று கல்லறைப் பெயரைக் கடன் வாங்கினார்.

பெட்ஸ் ஆரம்பிக்கும் விதத்தைக் கவனியுங்கள். தந்தியை மீட்டும்போது ஒலியளவுக் குமிழைப் பூஜ்ஜியத்தில் வைத்துக்கொள்கிறார். மீட்டிய பிறகு சுண்டுவிரலால் மெதுவாகத் திருப்புகிறார். மீட்டிய சத்தம் காதில் விழாது, சுரம் மட்டும் ஒன்றுமில்லாததிலிருந்து பொங்கி வரும். இது வயலினா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பிறகு இரட்டைக் கிதாரில் மெட்டு, பெட்ஸின் தனி, கிரெக்கின் ஆர்கன், அதன்பின் டுவேன். டுவேன் கீழ்த்தாயியில் ஏதோ யோசனையோடு தொடங்குவார். கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவார். பின்னால் இரண்டு டிரம்மர்களும் அவர் ஏறுவதைப் பார்த்து, ஒரு படி தள்ளி, கூடவே ஏறுவார்கள். உச்சியைத் தொட்டாயிற்று, இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நாம் நினைக்கும்போது அத்தனை பேரும் ஒன்றாகக் கீழே இறங்குவார்கள். யாரும் யாருக்கும் சைகை காட்டியதாகத் தெரியாது. மறுபடியும் அடியிலிருந்து ஏறி, இந்தத் தடவை முன்பு தொட்ட உச்சியைத் தாண்டிப் போவார் மனிதர். எத்தனை முறை கேட்டாலும் இந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும். இந்தப் பதிமூன்று நிமிடத்துக்காக மட்டும் இந்த ஆல்பத்தை வாங்கலாம்.

கடைசிப் பக்கம் முழுவதும் 'விப்பிங் போஸ்ட்'. கூட்டத்தில் ஒருவர் பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்துவது பதிவாகியிருக்கிறது. அடுத்து அதுதான் என்று டுவேன் மேடையிலிருந்து பதில் சொல்வதும் கேட்கும். பெர்ரி ஓக்லியின் பேஸ் தொடங்கும். தகிட தகிட தகிட தக. பதினோரு எண்ணிக்கை. நான்காவது தகிடவுக்காகக் கால் தயாராகும்போது ஒன்று குறைந்து, காலடியில் தரை நழுவி, வட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். கிரெக் பாட ஆரம்பித்ததும் நான்கு தகிடவும் முழுசாக வந்து மூச்சு சீராகும். பாடி முடித்தால் மறுபடி அந்தப் பதினொன்று. கட்டிவைத்து அடிக்கப்படுபவனின் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான நடை கிடையாது. இதில் வேடிக்கை, இயற்றிய கிரெக்குக்கே அது பதினொன்று என்று தெரியாது. அண்ணன் எண்ணிக் காட்டித்தான் புரிந்தது. இரவில் தூக்கத்தில் மெட்டு வந்து, பேனா கிடைக்காமல், தீக்குச்சிகளை எரித்து அந்தக் கரியால் இஸ்திரிப் பலகைத் துணியின் மேல் வரிகளை எழுதிவைத்தார் என்பதும் அவர் சொன்னதுதான்.

முதல் ஆல்பத்தில் ஐந்து நிமிடப் பாட்டு. இங்கே 23 நிமிடம். நடுவில் தாளம் கரைந்து, பேஸும் கிதாரும் ஏதோ தனிமையில் பேசிக்கொள்வது போல ஒரு நீண்ட அமைதி வரும். அங்கிருந்து திரும்பிக் கடைசி அலறலுக்கு வந்து சேரும்போது அரங்கமே அவர்கள் கையில். முடிந்தும் முடியாது. கைதட்டலுக்கு அடியில் டிம்பனி உறுமிக்கொண்டே இருக்கும், கிதார் வேறொரு மெட்டின் முதல் சில சுரங்களைத் தொடும், ஒலி தேய்ந்து மறையும். அது 'மவுன்டன் ஜாம்' என்ற அடுத்த உருப்படி. அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும் அதைக் கேட்க அன்றைய ரசிகர்கள் 1972 பிப்ரவரியில் 'ஈட் எ பீச்' வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபில்மோர் வாசலில் எடுத்த படம் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேக்கனில் ஒரு செங்கல் சுவர் முன்னால் ஜிம் மார்ஷல் எடுத்தது. காலையில் எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்திய எரிச்சலில் யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருவில் போதைப்பொருள் விற்பவர் ஒருவர் தென்பட, டுவேன் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்து, பொட்டலத்தைக் கையில் பொத்தியபடி ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்துகொண்டார். அட்டையில் அத்தனை பேரும் சிரிப்பது அதைப் பார்த்துத்தான். பின்னட்டையில் அதே இடத்தில், அடுக்கிய சாமான் பெட்டிகளின் முன்னால், அவற்றைத் தூக்கும் பையன்கள் பீர் டப்பாவோடு இருக்கிறார்கள். கூலியாட்களுக்குப் பின்னட்டையைக் கொடுத்த குழு இது.

இரட்டை ஆல்பத்துக்கு அன்றிருந்த விலையைவிடக் குறைத்தே விற்றார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஸ்டுடியோ ஆல்பங்களும் சரியாகப் போகவில்லை; இது பில்போர்டு பட்டியலில் 13ஆம் இடம்வரை ஏறியது. ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கம் ஜூன் 27 அன்றே மூடப்பட்டுவிட்டது, கடைசிக் கச்சேரியும் இவர்களுடையதுதான். அக்டோபர் 25 அன்று ஆல்பம் தங்கத் தகுதி பெற்றது. நான்கு நாள் கழித்து, மேக்கனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் டுவேன் இறந்துபோனார். வயது 24. மறு ஆண்டு நவம்பரில், அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி, அதேபோல் மோட்டார் சைக்கிள் விபத்தில் பெர்ரி ஓக்லி. அவருக்கும் 24. இருவரும் ரோஸ் ஹில்லில் அடக்கம். குழு உடைந்து, சேர்ந்து, மறுபடி உடைந்து 2014 வரை வாசித்தது. டிரக்ஸும் கிரெக்கும் 2017இலும், பெட்ஸ் 2024இலும் போய்ச் சேர்ந்தார்கள். சாவுச் செய்தியோடு கேட்டால் ஆல்பம் சோகமாக ஒலிக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒருநாளும் தோன்றியதில்லை. இதை வாசித்த இரண்டு இரவுகளில் அவர்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். 2014இல் அந்த நாட்களின் கச்சேரிகளையெல்லாம் தொகுத்து ஆறு சி.டி.க்களாகப் போட்டிருக்கிறார்கள். அது எங்களைப் போன்ற பித்துப்பிடித்தவர்களுக்கு. முதலில் அதைத் தொடாதீர்கள். டௌட் தேர்ந்தெடுத்த பழைய ஏழு பாட்டு வரிசையையே கேளுங்கள். அலைபேசியின் ஸ்பீக்கரில் வேண்டவே வேண்டாம், ஓக்லியின் பேஸ் பாதி காணாமல் போய்விடும். நீளத்தைப் பார்த்துப் பயந்தால் 'ஸ்டார்மி மண்டே'யில் தொடங்கி 'எலிசபெத் ரீட்'டுக்குப் போங்கள். அந்த இரண்டும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம், உங்களை நான் தொந்தரவு செய்ய மாட்டேன். பிடித்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கேளுங்கள்.